எம்.பி.க்கள் எழுத்துமூலம் கேட்கும் கேள்விகளால் ஏதாவது பயன் உண்டா?

"எம்.பி. கேட்கிறார், அமைச்சர் எழுத்தில் பதில் தருகிறார், யாரும் படிப்பதில்லை. இது வெறும் சடங்குதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். பாடப் புத்தகத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்று இரண்டு பத்தி இருக்கும். அதைப் படித்த கையோடு டிவியில் அவையைப் பார்த்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும்.

நான் அந்தக் கேள்விகளுக்குத் தகவல் திரட்டிக் கொடுக்கும் பக்கத்தில் இருந்தவன். மத்திய அரசுத் துறை ஒன்றின் சென்னை மண்டல அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எந்தத் துறை என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். எந்தக் கட்சிக்கும் வால் பிடிக்கவும் வரவில்லை. சடங்கு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு சும்மா போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். ஒரு மணி நேரத்தில் அதில் ஐந்தாறு வந்தாலே பெரிசு. குறியிடாத கேள்விகள் 230. மாநிலங்களவையில் நட்சத்திரம் 15, குறியிடாதது 160. குறியிடாததற்கு எழுத்தில் மட்டும் பதில், துணைக் கேள்வி கிடையாது. அதனால் அதை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். ஆனால் கூச்சலில் அவை ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப் பதில் வந்தே தீரும். அன்றைய நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் மேசைக்கு வந்துவிடும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். அப்போது மிஞ்சியது இந்த எழுத்துக் கேள்விதான். அந்தக் கூட்டத்தொடரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பயன் உண்டா என்றால், பதிலை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பதினைந்து நாள் முன்னதாகவே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடைப்பட்ட நாட்களில் ஆபீசுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ். தலைப்பில் 'பார்லிமென்ட் கேள்வி, மிக அவசரம்' என்று கொட்டை எழுத்து. கருணை அடிப்படையில் வேலை கேட்டு எத்தனை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு மேல் நிற்பவை எத்தனை, காரணம் என்ன, அரசு எடுத்த நடவடிக்கை என்ன என்று அ, ஆ, இ, ஈ போட்டு ஒரு எம்.பி. கேட்டிருந்தார். கூடவே கட்டம் போட்ட புரொஃபார்மா. மறுநாள் காலைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்துபோனால் குடும்பத்தில் ஒருவருக்குத் தருவது கருணை வேலை. குரூப் சி எனப்படும் கீழ்நிலைப் பணிகளின் நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம்தான் அதற்கு. ஆகவே விண்ணப்பம் குவியும், இடம் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். எங்கள் ஆபீசில் அந்தக் கோப்புகள் நிர்வாகப் பிரிவின் கடைசி பீரோவில், மேல்தட்டில் இருந்தன. தேர்வுக் குழு கூடினால்தான் எதுவும் நகரும். ஓர் உறுப்பினர் மாறுதலில் போவார், அவர் இடத்துக்கு ஆள் போட்டு உத்தரவு வராது, கூட்டம் தள்ளிப் போகும். கேட்க நாதி கிடையாது. இறந்துபோன அட்டெண்டர் ஒருவரின் மனைவி அவ்வப்போது வந்து, "சார், எங்க பெரியவன் பேப்பர் எங்க சார் நிக்குது?" என்பார். "கமிட்டி இன்னும் கூடலைம்மா" என்பது எங்கள் நிரந்தரப் பதில்.

அன்றைக்கு அந்த பீரோ திறந்தது. சாவி வைத்திருந்தவர் லீவு. அவர் மகன் பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். கோப்புகளைத் தரையில் பரப்பி வருட வாரியாகப் பிரித்தோம். கிளை அலுவலகங்களுக்கு போன் போட்டு, "ஒண்ணும் இல்லைன்னாலும் நில் ரிப்போர்ட்டாவது அனுப்புங்க சார்" என்று கெஞ்சினோம். ராத்திரிக்குள் எண்ணிக்கைக் கட்டங்கள் நிரம்பிவிட்டன. 'காரணம்' என்ற கட்டத்தில்தான் எல்லோரும் முட்டி நின்றோம். குழு கூடவில்லை என்று பார்லிமென்டுக்கு எழுத முடியுமா? 'பரிசீலனையில் உள்ளது' என்று போடலாமே என்று யாரோ சொன்னார்கள். எங்கள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பரிசீலனைன்னு போட்டா அஷ்யூரன்ஸ் ஆயிடும்யா. அப்புறம் அது முடியற வரைக்கும் நான்தான் பதில் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்" என்றார்.

இது பாடப் புத்தகத்தில் சரியாக வராது, அதனால் சொல்கிறேன். "பரிசீலிக்கிறோம்", "தகவல் திரட்டி அவை மேசையில் வைக்கிறோம்" என்று அமைச்சர் பதில் கொடுத்தால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும், அதைத்தான் எங்கள் அதிகாரி அஷ்யூரன்ஸ் என்றார். அரசு உறுதிமொழிக் குழு என்று ஒவ்வோர் அவையிலும் ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலநீட்டிப்புக் கேட்டு எழுத வேண்டும், குழு கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும். அமைச்சகப் பதில்கள் ஏன் இப்படி மொட்டையாக இருக்கின்றன என்று எரிச்சல்படுகிறோமே, அதில் பாதி இந்தப் பயத்தில் எழுதப்பட்டவை. திமிரில் எழுதப்பட்டவையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

சரி, ஏதோ சமாளித்து எழுதி அனுப்பியாகிவிட்டது. ஆனால் மேலே இருந்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள். பதில் தேதிக்குள் நிலுவையைக் குறைக்கச் சொல்லி போனிலேயே உத்தரவு. வருஷக் கணக்கில் கூடாத குழு அந்த வாரமே கூடியது. சிலருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு 'காலியிடம் இல்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது' என்று பதிவுத் தபால் போனது. நிராகரித்தாலும் நிலுவை குறையும் அல்லவா?

பார்த்தீர்களா, கேள்வியால் கெடுதல்தானே என்பீர்கள். அட்டெண்டரின் மனைவிக்கும் பதிவுத் தபால்தான் போனது. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு நேரே வக்கீலிடம் போய்விட்டார். அதுவரை அவர் கையில் இருந்தது எங்கள் வாய் வார்த்தை, அதை வைத்து என்ன செய்ய முடியும்? இப்போது கையெழுத்தும் தேதியும் போட்ட உத்தரவு இருந்தது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்குப் போட்டார். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்ட முறையில் குளறுபடி இருக்கிறது, மறுபடி பார் என்று உத்தரவாயிற்று. பெரியவன் இப்போது எம்.டி.எஸ்., அதாவது பல்நோக்குப் பணியாளராக வேலை பார்க்கிறான். அவை மேசையில் வைக்கப்பட்ட பதிலைப் பிறகு பார்த்தேன். 'அ முதல் இ வரை: விவரம் இணைப்பில். ஈ: விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படுகிறது.' நீங்கள் படித்திருந்தால் சடங்கு என்றுதான் சொல்லியிருப்பீர்கள். கேள்வி கேட்ட எம்.பி.க்கே பின்னால் நடந்தது தெரிந்திருக்காது.

பீரோவில் பூட்டி வைத்தது நீங்கள்தானே என்று ஒருவர் வருவார், தெரியும். குழுவைக் கூட்டும் அதிகாரம் கண்காணிப்பாளருக்குக் கிடையாது. குறிப்பு எழுதி மேலே அனுப்பலாம், அனுப்பினோம். அது 'பேசவும்' என்று எழுதித் திரும்பி வரும். போய்ப் பேசினால், "பார்க்கலாம்யா" என்பார்கள். எந்த ஆபீசிலாவது வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

இனி அந்த 2020 செப்டம்பர். ஊரடங்கில் ஊர் திரும்பும்போது எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் எழுத்துமூலம் கேட்டார்கள். அப்படி விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். இழப்பீடு உண்டா? கேள்வியே எழவில்லை என்று பதில். ஊர் திரும்பியவர்கள் 1.04 கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் அவர்களிடம் இருந்தது. சில நாளில் மாநிலங்களவையில் திரிணாமுல் எம்.பி. டெரெக் ஓ'பிரையன் கேட்ட கேள்விக்கு, புலம்பெயர் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக ரயில்வே எழுதிக் கொடுத்தது. மொத்தச் சாவையும் ஒரே அமைச்சகத்திடம் கேட்டால் 'விவரம் இல்லை'. ரயிலில் போன சாவை ரயில்வேயிடம் கேட்டால் எண் வருகிறது, ஏனென்றால் ரயிலில் ஒருவர் இறந்தால் ரயில்வே போலீசில் பதிவாகாமல் இருக்காது. எந்த ஆபீசில் எந்த ரிஜிஸ்டர் இருக்கிறது என்று தெரிந்து கேட்பவர்தான் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

2021 ஜூலையில், கையால் மலம் அள்ளும் வேலையால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மாநிலங்களவையில் சமூக நீதி அமைச்சகத்தின் பதில் வந்தது. கேட்டவருக்கு வயிறு எரியாதா? சட்டத்தின் ஓட்டைக்குள் நுழைந்து எழுதிய பதில் அது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது தனி, சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவது தனி. பின்னதைக் கேட்டால் அதே அமைச்சகம் மாநில வாரியாகப் பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலில் தமிழ்நாடு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள், பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இப்போதைய அரசை மட்டும் குறை சொல்வதாக நினைத்தால் 1957க்குப் போவோம். எல்.ஐ.சி. ஆரம்பித்து அடுத்த வருடமே ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் சுமார் 1¼ கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. மக்களவையில் அதைப் பற்றிக் கேள்வி கேட்டபோது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியிடமிருந்து வந்த பதில்கள் வழவழ கொழகொழவென்று இருந்தன. பதில் திருப்தியில்லை என்றுதான் விவாதம் வந்தது. ஃபெரோஸ் காந்தி, ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன், கிழித்துத் தொங்கவிட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா. அரைகுறைப் பதில்தான் அமைச்சரைச் சிக்க வைத்தது.

கேள்வியை விற்றவர்களும் உண்டு. 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்களை நாடாளுமன்றம் வெளியேற்றியது. எனக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. சடங்குக்கு எவனாவது காசு கொடுப்பானா?

எரிச்சலோடு இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். அரசு 'விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். நான் போக முடியுமா? ஒவ்வொரு நவம்பரும் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபித்தால்தான் பென்ஷன். தாள் புரட்டிப் புரட்டி விரல் ரேகை தேய்ந்துவிட்டது. வங்கியில் அந்த மெஷின் என் கட்டைவிரலை ஏற்பதில்லை. "பெரியவரே, கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்க" என்கிறான் அந்தப் பையன். எதிரே நிற்கிற என்னைப் பெரியவரே என்று கூப்பிடுகிறவனுக்கு நான் உயிரோடு இருப்பது தெரியாதா? கேட்டால் சிஸ்டம் ஒத்துக்கவில்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துக் கேள்வியின் பெரிய குறை, கேட்டவரே மறந்துவிடுவது. கேள்வி வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது பழைய பதிலை. கிடைத்தால் தேதியை மாற்றி அதையே அடிப்போம், எல்லா ஆபீசிலும் இதுதான் நடைமுறை. ஒரே எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில், 'முந்தைய பதிலில் இவ்வளவு நிலுவை என்றீர்களே, இப்போது எவ்வளவு, எத்தனை நியமனம், எத்தனை நிராகரிப்பு' என்று பிரித்துக் கேட்டால் அந்த வித்தை பலிக்காது. எங்கள் கருணை வேலைக் கேள்வியை அதன் பிறகு யாரும் அப்படித் திருப்பிக் கேட்கவில்லை. பீரோ பழையபடி நிரம்ப ஆரம்பித்தது.

நீங்கள் ஏதாவது செய்ய நினைத்தால், உங்கள் எம்.பி.யின் உதவியாளரிடம் கேள்வியை எழுதியே கொடுங்கள். 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், வாதம், கிண்டல், வசவு கூடாது, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் கூடாது. எந்த அமைச்சகம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று குறிப்பாக இருக்கட்டும். 'அ' பகுதியை 'உண்மையா?' என்று தொடங்காதீர்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு மிச்சத்துக்கெல்லாம் 'எழவில்லை' போட்டுவிடுவார்கள். 'எத்தனை' என்று தொடங்குங்கள். பதில் அன்றைக்கே நாடாளுமன்ற இணையதளத்தில் வந்துவிடும், எம்.பி. படிக்காவிட்டாலும் நீங்கள் படிக்கலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் என்று மாநிலப் பொறுப்பில் இருப்பதைக் கேட்டு டெல்லிக்கு அனுப்ப வேண்டாம். அது மாநில விஷயம் என்று ஒரு வரி வரும். அதற்கு எம்.எல்.ஏ. இருக்கிறார். எங்களுக்கு பார்லிமென்ட் கேள்வி போல, சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. கேட்கும் கேள்வியை மாநில அரசு ஆபீஸ்களில் எல்.ஏ.க்யூ. என்பார்கள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால், எல்.ஏ.க்யூ. வந்த நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று கேட்டுப் பாருங்கள்.