நல்ல தலைவர்கள் தங்கள் கொள்கைகளை எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறார்கள்?

கொள்கையின் சுமையை முதலில் தன்மீது ஏற்றுக்கொள்வதும், பின்னர் அதைத் தன்னையும் தாண்டி நிற்கக்கூடிய அமைப்பாக மாற்றுவதுமே நல்ல தலைவரின் வழி என்பது என் கருத்து. லால் பகதூர் சாஸ்திரியின் பொதுவாழ்வில் இவ்விரண்டையும் காணலாம்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே நிகழ்ந்த ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, ரயில்வே அமைச்சராக இருந்த அவர், அதற்குத் தாமே பொறுப்பு என்று கூறிப் பதவி விலகினார். தண்டவாளத்தைப் பராமரிப்பது அவருடைய நேரடிப் பணி அன்று. ஆயினும் ஒரு துறையின் தலைமையை ஏற்றவர் அதன் தவறுகளையும் ஏற்கவேண்டும் என்பதை அவர் சொல்லால் அன்றிச் செயலால் நிலைநாட்டினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதும் அவர் பதவி விலக முன்வந்திருந்தார் என்பதால், இதை அந்த நேரத்து உணர்ச்சிவேகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரதமரான பின் உணவுப் பற்றாக்குறை வாட்டிய 1965இல், வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு அவர் மக்களைக் கேட்டுக்கொண்டார். அதைத் தம் வீட்டிலேயே முதலில் கடைப்பிடித்தார். வேண்டுகோளோடு நின்றிருந்தால் அது அவரோடே மறைந்திருக்கும். ஆனால் அதே ஆண்டில் இந்திய உணவுக் கழகமும், விளைபொருள்களுக்கு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும் உருவாயின. வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் உயர்விளைச்சல் கோதுமை விதைகளைக் கொண்டுவர முயன்றபோது, எதிர்ப்புகளுக்கிடையே சாஸ்திரி அவருக்குத் துணைநின்றார். 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்த பிறகும் அந்த அமைப்புகள் தம் பணியைத் தொடர்ந்தன.