அமெரிக்காவில் போரில் உயிர்விட்ட வீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே வார இறுதியில், அவர்களுக்கான அஞ்சலியையும் குடும்ப விருந்தையும் சேர்த்து எப்படி நடத்துவது?

இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் குடும்பமாகக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, அங்கேயே கூடிச் சாப்பிடுவது பழைய வழக்கம். ஆனால் வரிசை முக்கியம், அதைக் கொடியே சொல்லிவிடுகிறது.

மெமோரியல் டேயான மே மாதக் கடைசித் திங்களன்று காலை, தேசியக் கொடியை முதலில் உச்சிவரை விறுவிறுவென ஏற்றி, பிறகு மெதுவாக அரைக்கம்பத்துக்கு இறக்குங்கள். நண்பகல் 12 மணிக்கு மறுபடி உச்சிக்கு ஏற்ற வேண்டும். பலர் மாலைவரை அரைக்கம்பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மற்ற துக்க நாட்களுக்கு அது சரி, இந்த நாளுக்கு இல்லை. சுவரில் சாய்வாகப் பொருத்திய கம்பில் அரைக்கம்பம் முடியாது. நுனியில் கறுப்பு ரிப்பன் கட்டினால் போதும்.

அந்த அரைநாள் கல்லறைக்கு. கல்லைக் கழுவ நினைத்தால் கல்லறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வெள்ளைப் பளிங்குக் கல்லை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்து, மென்மையான நார்த் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். பிளீச் வேண்டவே வேண்டாம்: அதன் உப்பு கல்லின் துளைகளுக்குள் படிகமாகி, நாளடைவில் மேற்பரப்பு உதிரும். கம்பித் தூரிகையும் பிரஷர் வாஷரும் எழுத்துகளின் விளிம்பையே அரித்துவிடும். ஒரு வீரரின் பெயர் அப்படி மங்கிப்போனால் திரும்ப வராது. சிறு கொடியைக் கல்லின் முன்பக்கம், நடுவில் ஊன்றுங்கள். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைவீரர்கள் கல்லிலிருந்து ஒரு பூட்ஸ் நீளம் தள்ளி ஊன்றுகிறார்கள்.

12 மணிக்குப் பிறகு கிரில்லைப் பற்றவைக்கலாம். அரைத்த மாட்டிறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸ், கோழி 74. நிறத்தை நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்.

பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிட மௌனம். 2000-இல் சட்டமாகவே வந்தது இது. ஃபோனில் அலாரம் வையுங்கள், இல்லையென்றால் பேச்சில் மறந்துபோகும். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் இறந்த ஒரு வீரரின் பெயரைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். பெயரில்லாத மௌனம் குழந்தைகளுக்குப் புரிவதில்லை.

யாரிடமும் "ஹேப்பி மெமோரியல் டே" என்று சொல்ல வேண்டாம். இது போரில் உயிர்விட்டவர்களின் நாள். முன்னாள் வீரர்கள் எல்லோருக்கும் நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே இருக்கிறது. கிழிந்த கொடியைக் குப்பையில் போடாமல் முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் கிளையில் கொடுத்தால், முறைப்படி எரிப்பார்கள்.