பத்து சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், "10 செ.மீ. மழை பெய்ததுன்னு நியூஸ்ல சொல்றாங்களே, தண்ணியை லிட்டர்லதானே அளக்கணும்?" என்று கேட்கிறாள். வீட்டில் அளந்து காட்ட முடியுமா?

பதில்: நியாயமான சந்தேகம். லிட்டரில் சொன்னால், எவ்வளவு பெரிய பாத்திரத்தில் பிடித்தோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடும். அடுத்த மழைக்கு மொட்டைமாடியில் கடுகு டப்பா ஒன்று, அரிசி டப்பா ஒன்று, இரண்டையும் திறந்து வையுங்கள். மழை விட்டதும் அவளையே ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி டப்பாவில் தண்ணீர் அதிகம். ஆனால் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். அந்த உயரத்தைத்தான் செய்தியில் சொல்கிறார்கள். வாளி மட்டும் வேண்டாம். வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் மழையைக் கூட்டிக் காட்டும். (நம் விவசாயிகள் மண்ணில் ஈரம் இறங்கிய ஆழத்தைப் பார்த்து "ஒரு உழவு மழை" என்பார்கள். அதுவும் ஆழக் கணக்குதான்.)

தினமும் அளக்க, பக்கம் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டில் போதும். மேல்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, புனல் போலக் கவிழ்த்துச் செருகுங்கள். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஸ்கேலின் பூஜ்யம் வரும்படி ஒட்டுங்கள். மரம், சுவர், தண்ணீர்த் தொட்டி எதுவும் மறைக்காத இடமாகப் பார்த்து, சாயாமல் செங்கல் அண்டைகொடுத்து வையுங்கள். வானிலை மையத்தின் 24 மணி நேரக் கணக்கு காலை 8.30-க்கு முடியும். நீங்களும் அதே நேரத்தில் பார்த்தால் ஒப்பிட வசதி. எண் அப்படியே பொருந்தாது. தெருவுக்குத் தெரு மழை மாறும்.

சரி, லிட்டர்? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். அங்கே 10 செ.மீ. என்றால் 9,300 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரி தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதை உங்கள் மகளை நிற்கவைத்து அவள் உயரத்திலேயே அளந்து காட்டுங்கள்.

அளந்ததும் பூஜ்யக் கோடு வரை கொட்டிவிடுங்கள். மழையில்லாத வாரங்களில் கல்லோடு சேர்த்துக் காலிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் கொசு வந்துவிடும்.