சோறு போட்ட ஆலையும் ஊர் ஓடையும்

கேள்வி: 28 ஆண்டுகளாக ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆலைக் கழிவுநீர் ஓடையில் கலப்பதாக ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். என் மகனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போட்ட இடத்துக்கு இரண்டகம் செய்தவனை எப்படி மன்னிப்பது?
- ஒரு வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: ஐயா, மனுவில் இருப்பது உண்மையா பொய்யா என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. ஓடையில் தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

ஆலை வேறு, நான் வேறு இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டால், ஆலையைச் சொன்ன குறை நம்மைத் திட்டியதுபோல் சுடும். பிறகு குறை நிஜமா என்று பார்க்கத் தோன்றாது. சொன்னவன் யார் என்றுதான் பார்ப்போம், அவன் பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும். அம்ஃபிரஸ், பிங்கம், மிட்செல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நிறுவனத்தோடு தங்களை ஒன்றாக நினைத்து, பெற்ற நன்மைக்குக் கைம்மாறு செய்தே தீர வேண்டும் என்றும் நம்புகிறவர்கள்தான் அதற்காக உண்மையை மறைக்கக் கூடுதலாகத் துணிகிறார்கள். நன்றியுள்ள மனிதர்கள், ஐயா. உங்களைப் போன்றவர்கள்.

பற்றே கூடாது என்பதல்ல. சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க மத்திய அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் 2019இல் போராட்டத்தில் இறங்கினார்கள். 2023 ஜனவரியில் அந்த விற்பனை முயற்சி கைவிடப்பட்டது. அவர்களுக்கும் ஆலை என்றால் உயிர். அந்தப் பற்று மேலே இருப்பவர்களை எதிர்த்துக் கேட்க வைத்தது. உங்கள் பற்று உங்கள் வாயையே கட்டிவிட்டது.

ஜவ்வரிசிக்கு அரைக்கும் மரவள்ளிக் கிழங்கின் தோலில் சயனைடு இருப்பது உங்களுக்குத் தெரியும். கழுவிவிட்ட நீரில் மாவும் சேர்ந்து புளித்து, நாறி, மீன் வாழ முடியாதபடி தண்ணீரைக் கெடுக்கிறது. கிணறுகளுக்கும் இறங்குகிறது. இதே கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்தும் சேகோ ஆலைகள் நம் மாவட்டத்திலேயே உண்டு. முதலாளியிடம் இதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

வாங்கிய சம்பளத்துக்கு உழைத்தாயிற்று. அந்தக் கணக்கு மாதாமாதம் நேராகிவிட்டது. ஓடைக்கான கணக்கு தனி. இன்றைக்கே மகனைக் கூப்பிட்டு மனுவின் நகலை வாங்கிப் படியுங்கள். பொய் இருந்தால் எந்த வரி என்று அவனிடமே காட்டுங்கள். இல்லையென்றால், அடுத்து முதலாளியிடம் போய்ப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.