எஞ்சின் கேள்வி பதில்: 8000 ஆர்பிஎம்முக்கு முதல்ல எதை மாத்தறது?

கேள்வி: மாருதி எஸ்டீம் 1.3 எஞ்சினை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல ஓட்டறதுக்கு ரெடி பண்றேங்க. கேம் மாத்தியாச்சு, ஹெட் போர்ட்டிங் முடிஞ்சுது, 8000 வரைக்கும் போகணும், டர்போ போடற ஐடியா இல்லை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடிச்சு உருவாக்கின கெட்டியான பிஸ்டன்) மட்டும் வாங்கு, மத்ததெல்லாம் கம்பெனி பார்ட்டே போதும்னு பட்டறைல சொல்றாங்க. கையில இருக்கற காசு ஒண்ணுக்குத்தான் பத்தும். - வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, பிஸ்டன் காசை அப்படியே நிறுத்தி வைங்க. டர்போ இல்லாத எஞ்சின்ல ஆர்பிஎம் ஏத்துனா முதல்ல அடி வாங்கறது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கற கான்ராடும், அதோட அடி மூடியைப் பிடிக்கற ராடு போல்ட்டும்தான்.

உங்க எஞ்சின்ல ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. 6500ல பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 16.4 மீட்டர், 8000ல 20 மீட்டர். பார்க்க கொஞ்சம்தான் ஏறின மாதிரி இருக்கும், ஆனா ராடை இழுக்கற விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், அதனால இந்த 1500 ஆர்பிஎம்முக்கே விசை பாதிக்குப் பாதி கூடிடுது. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம்னு வச்சுக்குங்க, 8000ல அது உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ராடை ஒரு டன்னுக்கு மேல இழுக்குது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியற இடத்துல மேலிருந்து அழுத்தறதுக்கு கேஸ் பிரஷரும் இருக்காது, அத்தனை இழுவையும் அந்த ரெண்டு போல்ட் மேலதான். போல்ட் போச்சுன்னா ராடு பிளாக்கை உடைச்சுட்டு வெளிய வந்துடும், அப்புறம் புது பிஸ்டனை வச்சு என்ன பண்றது?

அதனால முதல் செலவு ஏஆர்பி 2000 மாதிரி நல்ல ராடு போல்ட்டுக்கு. வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, புது போல்ட் முறுக்கினதும் பிக் எண்ட் (ராடு கிராங்க்கைப் பிடிக்கற பெரிய வளையம்) வட்டம் லேசா மாறும், மறுபடி உள்பக்கத்தை ஹோன் பண்ணி, அதாவது நைசா தேய்ச்சு சைஸ் கொண்டு வரணும். முறுக்கும்போது டார்க் ரென்ச்சை மட்டும் நம்பாதீங்க, மரைல எண்ணெய் இருக்கற விதத்தைப் பொறுத்து அதே டார்க்குக்கு போல்ட் வேற வேற அளவு நீளும். முறுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்டையும் மைக்ரோமீட்டர்ல அளந்து எழுதி வைங்க, முறுக்கினப்புறம் எவ்வளவு நீண்டுச்சுன்னு பாருங்க, எவ்வளவு நீளணும்னு பாக்கெட்ல வர்ற பேப்பர்லயே போட்டிருக்கும். அடுத்த தடவை கழட்டும்போது பழைய நீளத்தைவிட 0.025 மி.மீ கூட இருந்தா அந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

அடுத்தது ராடு. காசு இருந்தா 4340 ஸ்டீல் ராடு, நம்ம ஊர்ல லேத்காரங்க ஈஎன்24னு சொல்ற ஸ்டீல் கிட்டத்தட்ட இதே ரகம்தான். ராடோட வடிவம் எச் பீமா ஐ பீமாங்கற சண்டைக்கே போகாதீங்க, நல்லா செஞ்சது எதுவா இருந்தாலும் உங்க பவருக்குத் தாங்கும். காசு இல்லைன்னா கம்பெனி ராடையே கிராக் டெஸ்ட் பண்ணி, நாலுக்கும் வெயிட் ஒண்ணா கொண்டு வந்து, நல்ல போல்ட்டோட போடுங்க, அப்ப ஆர்பிஎம் லிமிட்டரையும் 7500க்கு இறக்கிடுங்க. ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கற நாள் வந்தா தராசுல வச்சுப் பார்த்து வாங்குங்க, ஃபோர்ஜ்டுன்னா லேசுன்னு கட்டாயம் இல்லை, வெயிட் கூடுனா ராடுக்குத்தான் தலைவலி.

கேள்வி: கிராங்க் கிரைண்டிங் பண்ணி அண்டர்சைஸ் பேரிங் (தேய்ச்சு சிறுத்த கிராங்க்குக்கு ஏத்த பேரிங்) போட்டா ரேஸுக்குத் தாங்குமா? - வாசகர், திருப்பூர்

பதில்: தாங்கும், கிரைண்டிங் பண்றவர் கை சுத்தமா இருந்தா. ஜர்னல் (பேரிங் உட்கார்ற உருண்டைப் பகுதி) முடிஞ்சு வெப் (அதுக்குப் பக்கத்துல இருக்கற கை) ஆரம்பிக்கற மூலைல ஒரு வளைவு இருக்கும், ஃபில்லெட்ம்பாங்க. நிறைய இடத்துல கிரைண்டிங் கல்லோட ஓரத்தை சரியா டிரெஸ் பண்ணாம ஓட்டி அந்த வளைவை சதுர மூலையா ஆக்கிடுவாங்க, கிராக் ஆரம்பிக்கறதே அங்கதான். கிராங்க் வாங்கும்போது டார்ச் அடிச்சு அந்த மூலையைப் பாருங்க, நகத்தை ஓட்டினா வழுக்கிட்டு ஏறணும், தட்டி நிக்கக் கூடாது, நின்னா அந்த கிராங்க்கை ரேஸ் எஞ்சினுக்குப் போடாதீங்க. நைட்ரைடிங் பண்ணின கிராங்க்னா அந்த கெட்டியான தோல் ரொம்ப மெல்லிசு, ஆழமா கிரைண்ட் பண்ணினா போயிடும், மறுபடி நைட்ரைடிங் குடுக்கணும்.

பேரிங் கிளியரன்ஸ், அதாவது ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல விடற இடைவெளி, ஜர்னல் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம், 40 மி.மீ ஜர்னலுக்கு 0.04 மி.மீ. ரேஸுக்கு லூசா விடணும்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு கண்டபடி விட்டா ஆயில் பிரஷர் விழும். பேரிங் துளையை போர் கேஜ் வச்சும் ஜர்னலை மைக்ரோமீட்டர் வச்சும் அளங்க, ஒவ்வொண்ணையும் ரெண்டு திசைல. ஆயில் சம்ப்ல ஆயில் ஒதுங்காம தடுக்கற பேஃபிள் தகடு வைக்க மறந்துடாதீங்க, நீளமான வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுத்துச்சுன்னா எந்த பேரிங்கும் தாங்காது.

கேள்வி: போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 டர்போ, ரீமேப் பண்ணி (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி) டர்போ பூஸ்ட் ஏத்தியிருக்கேன். நானும் ராடு போல்ட்தான் முதல்ல மாத்தணுமா? - வாசகர், சென்னை

பதில்: இல்லைங்க, உங்க கதை வேற. நீங்க ஆர்பிஎம் ஏத்தலை, பிரஷரை ஏத்தியிருக்கீங்க. இங்க நாக்கிங் (பெட்ரோல் கலவை தானா வெடிச்சு அடிக்கறது) வந்து பிஸ்டனோட ரிங் லேண்ட், அதாவது ரிங்குகளுக்கு நடுவுல இருக்கற விளிம்பு, உடையறதுதான் பயம். 2618 அலாய் ஃபோர்ஜ்டு பிஸ்டன் இந்த அடியைத் தாங்கும், சிலிக்கான் கம்மிங்கறதால சூட்டுல நல்லா விரியும், அதனால சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல கிளியரன்ஸ் கூட விடணும், காலைல ஸ்டார்ட் பண்ணும்போது லேசா தட்டற சத்தம் வரும், பயப்படாதீங்க. ரிங் கேப்பையும் கூட்டி வைக்கச் சொல்லுங்க, சூட்டுல ரிங் முனை ரெண்டும் முட்டிக்கிட்டா லேண்டைப் பிச்சுடும். வெறும் ரீமேப்தான்னா இப்பவே எஞ்சினைப் பிரிக்காதீங்க, எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருந்து லாக் எடுத்து, நாக்கிங்னால எந்த சிலிண்டர்ல இக்னிஷன் டைமிங் பின்வாங்குதுன்னு பாருங்க, நல்ல ஆக்டேன் பெட்ரோல் போடுங்க, 1500 ஆர்பிஎம்ல டாப் கியர் வச்சுட்டு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க.