குண்டு நெல்லையே ஏன் போடுகிறீர்கள்?

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பா அரிசி சென்னைக் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. டெல்டாக்காரர்கள் ஏன் குண்டு நெல்லையே போடுகிறீர்கள்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அம்மா, மன்னார்குடி பக்கம் எனக்கு நாலு ஏக்கர். விதை எடுக்கும்போதே அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையம்தான் கண்ணில் நிற்கும். அரசு தரும் ஆதார விலையில் பொது, சன்னம் என்று இரண்டே பிரிவு; குண்டு நெல் பொதுவில் சேரும். மாநில அரசின் ஊக்கத்தொகையோடு 2025-26இல் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்னம் 2,545. வித்தியாசம் 45 ரூபாய். சி.ஆர். 1009 என்ற குண்டு ரகம் போட்டால் என் வயலில் சன்னத்தைவிட ஏக்கருக்கு ஏழெட்டு சிப்பம் (மூட்டை) கூடுதலாகக் காணும். பிறகு எதைப் போடுவேன்? மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அங்கே தனி விலையே கிடையாது. வியாபாரியைத் தேடிப் போகணும், பணத்துக்குக் காத்திருக்கணும். நெல்லும் உயரமாக வளர்ந்து, மழையில் சாய்ந்துவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தால் குறுவைப் பருவத்துக்கு நடலாம். 2024இல் ஜூலை 28தான் திறந்தார்கள். நான் குறுவையை விட்டுவிட்டு நேரே அடுத்த பருவமான சம்பாவுக்குப் போனேன். இலவச மின்சாரத்தில் பம்புசெட் ஓட்டுகிறவர்கள் அந்த வருஷமும் குறுவை நட்டார்கள். 2022 முதல் கொள்முதலை அக்டோபருக்குப் பதில் செப்டம்பர் 1இலேயே தொடங்குவது குறுவைக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். ஆனால் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறதே, அடைமழையில் நெல்லை எங்கே காயவைப்பது? சாலையில் கொட்டிவைத்து ராத்திரி முழுக்கக் காவல் இருந்திருக்கிறேன்.

மாப்பிள்ளைச் சம்பாவை அரை ஏக்கரில் போடுகிறேன். அது வீட்டுச் சாப்பாட்டுக்கு.