எடுத்துக் கொடுப்பவரின் சிரிப்பு

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் மதுரையில் ஒரு சின்ன யூடியூப் சேனல் நடத்துகிறோம். பேட்டி எடுப்பது நான். போன மாதம் ஒரு மூத்த நாடக நகைச்சுவை நடிகர் வந்தார். அவர் ஒன்று சொன்னால் நானும் உடனே ஒரு கவுன்டர் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். வெளியிட்டதும் கமெண்ட் முழுக்க ‘அவரைப் பேச விடுங்க ப்ரோ’. அடுத்த மாதம் எழுபத்தைந்து வயது நாடகப் பெரியவர் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார். ஜானி கார்சன், லெட்டர்மேன், கோனன் ஓ’பிரையன் என்ற தொகுப்பாளர்களின் கிளிப்புகளை நிறையப் பார்க்கிறேன். அமெரிக்க ராத்திரி ஷோக்களில் மூத்த காமெடியன்களும் தொகுப்பாளர்களும் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்வது அவ்வளவு இயல்பாக இருக்கிறது. ‘எல்லாம் ஸ்கிரிப்ட்தான்’ என்கிறான் நண்பன். உண்மையா? நான் காமெடி பண்ணட்டுமா, சும்மா இருக்கட்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்த ஷோக்களில் விருந்தினர் வருவதற்கு முன்பே ‘செக்மென்ட் புரொட்யூசர்’ என்று ஒருவர் அவரோடு உட்கார்ந்தோ போனிலோ பேசிவிடுவார். என்ன கதை வைத்திருக்கிறீர்கள், எது புதுசு, எதைக் கேட்டால் எது வரும் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு தொகுப்பாளரின் மேஜையில் அட்டையாக இருக்கும். ஆகவே கேள்விகள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஆனால் அட்டையில் இருப்பது கதவு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதும், உள்ளே போனவர் தடுமாறினால் கை கொடுப்பதும் எந்த அட்டையிலும் இருக்காது.

ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் என்ற காமெடியன் கார்சனோடு உட்கார்ந்திருக்கும் கிளிப்பை இன்று இரவு ஒருமுறை, கார்சனை மட்டும் கவனித்துப் பாருங்கள். டேஞ்சர்ஃபீல்ட் இளம் வயதில் மேடையில் தோற்று, வயிற்றுப்பாட்டுக்காக வீட்டுச் சுவருக்கு அடிக்கும் அலுமினியத் தகடு விற்கப் போனவர். நாற்பதை ஒட்டிய வயதில்தான் மறுபடி மேடைக்கு வந்தார். வேர்க்க வேர்க்கச் சிவப்பு டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒரு ஜோக் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கும் ஆள். நின்று சொல்ல வேண்டியதை நின்று சொல்லி முடித்து நாற்காலிக்கு வந்த பிறகும் அதே வேகம். கார்சன் செய்வதெல்லாம் ‘வீட்டுல எல்லாரும் எப்படி? உடம்பு எப்படி இருக்கு?’ என்கிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான், டாக்டர் வின்னி பூம்பாட்ஸ் என்ற கற்பனை மருத்துவர் வந்து இறங்கிவிடுவார். கார்சன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார். அந்த நிமிடங்களில் அவர் பங்குக்குச் சொன்ன ஜோக் எத்தனை என்று எண்ணுங்கள். அவர் 1962 அக்டோபர் முதல் 1992 மே வரை ‘டுநைட் ஷோ’வை நடத்தியவர். அந்த மேஜையில் அவரை விடப் பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்ததும் பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுகிறார் இல்லையா, அதே வேலைதான். தாளம் போடுகிறவர் சும்மா இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

இதை அவர் எங்கிருந்து கற்றார் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஜாக் பென்னி என்ற வானொலிக் காமெடியனைக் குருவாகவே பாவித்தவர் கார்சன். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1949-இல் அவர் செய்த ஆய்வே வானொலி நகைச்சுவை எழுத்தைப் பற்றியது. பென்னியின் நிகழ்ச்சி பென்னி பெயரில்தான் ஓடியது. ஆனால் அதில் வேலைக்காரர், பாடகர், மனைவி, வழியில் வருகிற போகிறவர் என்று எல்லோரும் பென்னியின் கஞ்சத்தனத்தைக் குத்திக் காட்டிச் சிரிப்பு வாங்குவார்கள். அவர் வாங்கிக்கொள்வார். 1948-இல் ஒரு காட்சி: திருடன் ‘பணமா, உயிரா?’ என்று கேட்கிறான். பென்னி பதில் சொல்லவில்லை. வானொலியில் வெறும் அமைதி. அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. திருடன் மறுபடி அதட்டிய பிறகுதான் ‘யோசிச்சுக்கிட்டு இருக்கேன்’ என்கிறார். படம் தெரியாத வானொலியிலேயே சும்மா இருப்பதற்கு இவ்வளவு பலம் என்றால், முகம் தெரிகிற உங்கள் சேனலில் எவ்வளவு இருக்கும்!

உங்கள் பேட்டியில் நடந்தது என்ன என்று நான் ஊகிக்கிறேன். பெரியவர் ஒரு வரி சொன்னார், அது இறங்குவதற்கு அரை நொடி வேண்டியிருந்தது, அந்த அரை நொடியில் உங்கள் கவுன்டர் போய் உட்கார்ந்துவிட்டது. உங்கள் வரி நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் பார்க்கிறவருக்கு அவர் வரி பாதியில் அறுந்தது. நாலு முறை அப்படி ஆனால் ஐந்தாவது முறை பெரியவரே சுருக்கமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். நாடகக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், எதிராளி தன் சிரிப்பின் மேல் மிதித்தால் அது முதலில் உடம்புக்குத்தான் தெரியும் என்பார்கள்.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? அப்படி இல்லை. 1969-இல் கார்சன் ஷோவில் ஓர் இரவு. பெரிய காமெடியன் பாப் ஹோப் வந்தாயிற்று, பாடகரும் நடிகருமான டீன் மார்ட்டின் உட்கார்ந்திருக்கிறார், கடைசியாக வருகிறார் காமெடியன் ஜார்ஜ் கோபெல். சாதுவான, குள்ளமான மனிதர். இந்த ஜாம்பவான்களுக்குப் பிறகு வர வேண்டியிருக்கிறதே என்ற அங்கலாய்ப்பையே பேச்சாக்கி, ‘உலகமே ஒரு கறுப்பு டக்சீடோ சூட், நான் மட்டும் ஒரு ஜோடி பழுப்பு ஷூ என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?’ என்று கேட்டார். இதற்கிடையே மார்ட்டின் தன் சிகரெட் சாம்பலைக் கோபெலின் குவளையில் தட்டிக்கொண்டிருக்கிறார். கோபெலுக்குத் தெரியாது. தான் எதிர்பார்த்ததை விட அரங்கம் ஏன் அதிகமாகச் சிரிக்கிறது என்று அவர் முகத்தில் ஒரு குழப்பம். கார்சனுக்குத் தெரியும். உடனே காட்டிக் கொடுத்திருந்தால் அந்த நிமிடம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் விட்டுவைத்தார். மூன்று பேருக்கு நடுவில் எது தானாக நடக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று தெரிந்து உட்கார்ந்திருப்பதுதான் வேலையிலேயே கஷ்டமானது.

தொட வேண்டிய இடமும் உண்டு. டான் ரிக்கிள்ஸ் தெரியும் உங்களுக்கு, எதிரே இருப்பவரை வசவாலேயே வறுத்தெடுப்பவர். 1976-இல் கார்சன் இல்லாத ஓர் இரவு அவர்தான் நிகழ்ச்சியை நடத்தினார். வேகத்தில் மேஜை மேலிருந்த கார்சனின் மரச் சிகரெட் பெட்டியை உடைத்துவிட்டார். மறுநாள் கார்சன் வந்து பெட்டியை எடுத்துப் பார்க்கிறார், உடைந்திருக்கிறது. யார் என்று கேட்டால் ரிக்கிள்ஸ் என்கிறார்கள். எழுந்தார். கேமராவைக் கூட வரச் சொல்லிவிட்டு, பக்கத்து ஸ்டுடியோவில் ரிக்கிள்ஸின் தொடர் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க, நேராக உள்ளே போய்விட்டார். கடற்படை உடுப்பில் நின்ற ரிக்கிள்ஸ், ஊரையே திட்டும் ரிக்கிள்ஸ், ஒரு கணம் திருதிருவென்று விழிப்பார். அந்தக் கணம்தான் அந்த வீடியோவின் உயிர். பத்தாண்டுக்கு மேல் அவரிடம் திட்டு வாங்கிச் சிரித்தவர் கார்சன். அப்படிச் சேர்த்து வைத்திருந்ததால்தான் ஒரு நாள் போய்த் திருப்பிக் கேட்க முடிந்தது. முதல் சந்திப்பிலேயே கவுன்டர் கொடுக்கிறவரிடம் அந்தக் கையிருப்பு இருக்காது.

ரிக்கிள்ஸ் இனத்தை வைத்துச் சொன்ன ஜோக்குகள் பலவற்றை இன்று என்னால் ரசிக்க முடியவில்லை. அதைச் சொல்லாமல் அவரை உங்களுக்குச் சிபாரிசு செய்வது சரியாகாது. அதில் உங்களுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. பெரியவர் உங்களைக் கலாய்த்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு கேமராவுக்குப் பின்னால் நிற்கும் பையன் மீதோ, டீ கொண்டுவந்த பெண் மீதோ திரும்பினால் ‘ஐயா, என்னை விட்டுட்டீங்களே!’ என்று உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். திருப்பிச் சொல்ல மைக் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அவரைக் கலாய்க்கும்போது வயது, மறதி, உடம்பு மூன்றையும் தொடவே தொடாதீர்கள். பேர் ஒன்று நினைவுக்கு வராமல் நின்றாரென்றால் எடுத்துக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். தேடுகிற முகமே சில சமயம் கதையை விட அழகாக இருக்கும். உங்களைப் பார்த்து உதவி கேட்டால் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

கேட்பது எப்படி என்பதற்கு நான் காட்டுவது 2009-இல் கோனன் ஷோவில் நார்ம் மெக்டொனால்ட் என்ற காமெடியன் சொன்ன விட்டில்பூச்சி ஜோக். ஒரு விட்டில் பாத மருத்துவரிடம் போய், வேலை, மனைவி, இறந்துபோன மகள், நேசிக்க முடியாத மகன் என்று ரஷ்ய நாவல் கணக்காகப் புலம்புகிறது. ‘நீ மனநல மருத்துவரிடம் அல்லவா போக வேண்டும், இங்கே ஏன் வந்தாய்?’ என்று கேட்டால், ‘இங்கே லைட் எரிந்தது’ என்கிறது. ஒரு மூச்சில் சொல்லக்கூடிய ஜோக். மெக்டொனால்ட் அதை நிமிடக் கணக்கில் இழுத்தார். கோனன் அவ்வப்போது ஒரு சின்ன முனகல், ஒரு பார்வை, ‘இது எங்கேதான் போகிறது?’ என்கிற தவிப்பு, அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். அவர் தவிப்புதான் நம் தவிப்பு. அவர் பொறுமை இழந்து முடிவை ஊகித்துச் சொல்லியிருந்தால் விட்டில் செத்துப்போயிருக்கும்.

ஆகவே பேட்டிக்கு ஒரு வாரம் முன்பு, மைக் கேமரா எதுவும் இல்லாமல், அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் குழுவுக்கு செக்மென்ட் புரொட்யூசரும் நீங்கள்தான். அவர் சொல்லும் கதைகளின் முடிவை எழுதாமல், எந்த வார்த்தை கேட்டு அந்தக் கதை கிளம்பியது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டியில் ‘ஐயா, திருவிழா நாடகத்துல ராஜா வேஷத்துல இருக்கும்போது மீசை கழன்று ராணி மடியில் விழுந்ததே, அதைச் சொல்லுங்க’ என்று கேட்டால் அவருக்குச் சொல்ல என்ன மிச்சம்? ‘ராஜா வேஷம் உங்களுக்குப் பிடிக்குமா ஐயா?’ என்று கேளுங்கள். மீசை தானாக விழும். ஏற்கெனவே கேட்ட கதை என்பதற்காகச் சிரிப்பை நடிக்காதீர்கள், கேமரா அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அவர் அன்றைக்கு அதைப் புதிதாக எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தால் உண்மையான சிரிப்பே வரும். எடிட்டிங்கில் அவருடைய இடைவெளிகளை வெட்ட வேண்டாம் என்று நண்பரிடமும் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒரு கிளிப். 2015 மே மாதம், லெட்டர்மேன் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்பு, மெக்டொனால்ட் அவர் மேடைக்கு வந்தார். தன் பங்கை முடிக்கும் நேரத்தில், தன் இளம் வயதில் லெட்டர்மேன் சொல்லக் கேட்ட ஜோக் ஒன்றை அவர் முன்னாலேயே சொன்னார். பிறகு அவர் மேல் தனக்குள்ள அன்பைச் சொல்ல முயன்று குரல் உடைந்துவிட்டது. அத்தனை வருடம் ஒரு ஜோக்கை மனசில் வைத்திருந்து, சொன்னவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். உங்கள் பெரியவரின் பழைய நாடகத்தில் ஒரு வசனத்தையாவது யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பேட்டியில் எங்கேயாவது அவர் எடுத்துக் கொடுத்தால் அதைச் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால், கேமராவை அணைத்த பிறகு அவரை வாசல் வரை விடப் போகும்போது சொல்லுங்கள்.